அஞ்சுக்கு அஞ்சு

மார்ச் 9

காலையில நெட்டை என்னைத் தூக்கிச் சக்கர நாற்காலியில வைக்கிறப்போ கட்டில் கிரீச்சுன்னு கத்துச்சு. நான் குண்டாயிட்டேனா, கட்டில் கெழடாயிடுச்சான்னு ரெண்டு பேருக்கும் பஞ்சாயத்து. அடுப்படியிலேர்ந்து அக்கா தீர்ப்பு சொல்லிட்டா. வாயில்லாத சாமான் மேல பழி போடாதீங்க, மூணு வேளையும் திங்கிறது கட்டில் இல்லன்னு.

நெட்டை உதவி நிலையத்துலேர்ந்து வர்ற ஆளு. நாலு வருஷமா நம்ம வாசக்கால்ல தலையை இடிச்சுக்கிட்டேதான் உள்ள வர்றான், இன்னும் குனியப் பழகல. ஏழு மணிக்கு வந்து என்னைப் புரட்டிப் போடுவான், முதுகு பாப்பான், கழுவி விடுவான், ரெண்டு காலையும் மடக்கி நீட்டுவான், அப்புறம் தூக்கி உக்கார வைப்பான். சாயங்காலம் வந்து இறக்கிப் படுக்க வைப்பான். ஒரு காலத்துல ஊரு பாரத்தையெல்லாம் லாரியில ஏத்தி இறக்குனவன் நான். இப்போ என்னை ஏத்தி இறக்க ஒரு ஆளு.

எதுலேர்ந்து விழுந்தேன்னு எல்லாரும் கேப்பாங்க. இரும்பு ஏத்தியிருக்கேன், கல்லு ஏத்தியிருக்கேன், ஒரு தடவ உசுரோட ஒரு எருமையைக் கூட ஏத்தியிருக்கேன் - அது என்னை மொறச்சுப் பாத்தது இன்னும் கண்ணுல நிக்குது - ஒண்ணும் ஆகல. விழுந்தது பஞ்சு மூட்டை மேலேர்ந்து. பஞ்சு மேலேர்ந்து விழுந்து முதுகெலும்பு ஒடிஞ்சவன் உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். அது கெடக்கட்டும்.

டீவியில ஏதோ நோய் பரவுதுன்னு சொல்றாங்க. எங்கேயோ தூரத்துல. நெட்டை இன்னைக்கு ரெண்டு தடவ கை கழுவுனான்.

மார்ச் 13

முதுகு பாத்துட்டு நெட்டை, சுத்தமா இருக்குண்ணேன்னான். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் தினமும் விடிஞ்சதுலேர்ந்து காத்துக் கெடக்குறது. இடுப்புக்குக் கீழ எனக்கு ஒண்ணும் தெரியாது. நெருப்புப் பட்டாலும் தெரியாது, மயிலிறகு பட்டாலும் தெரியாது. ஒரே எடத்துல அழுந்திக் கெடந்தா தோலு சத்தம் போடாமச் செத்துடும். மத்தவனுக்கெல்லாம் வலி ஒரு காவக்காரன். எனக்குக் காவக்காரன் நெட்டை.

ரெண்டு வருஷம் முன்ன ஒரு வாரம் அவனுக்கு உடம்பு சரியில்ல. மாத்தா வந்தவன் சரியாப் பாக்கல. அவ்வளவுதான், புண்ணு. நாலு மாசம் ஆஸ்பத்திரியில குப்புறக் கெடந்தேன். பக்கத்துக் கட்டில்ல ரேடியோ. அவனும் என்னை மாதிரிதான், மரத்துலேர்ந்து விழுந்தவன். வாயைத் திறந்தா மூட மாட்டான், அதான் ரேடியோ. ரெண்டு பேரும் நாலு மாசம் தரையைத் தவிர ஒண்ணும் பாக்கல. வர்ற நர்ஸ் யாருன்னு செருப்பைப் பாத்தே சொல்லுவான். ஒரு நர்ஸம்மா புதுச் செருப்பு வாங்கிட்டு வந்த அன்னைக்கு யாரோ திருட வந்துட்டாங்கன்னு நெனச்சு ரெண்டு பேரும் கத்திட்டோம்.

கெளம்புறப்போ டாக்டர் சொன்னார், இன்னொரு தடவ வந்தா இது எலும்பு வரைக்கும் போகும், அப்புறம் என் கையில இல்லன்னு. வேற யாரு கையில சார் இருக்குன்னு ரேடியோ கேட்டான். டாக்டர் சிரிக்கல.

மார்ச் 18

அளவுகோல் வந்துட்டுப் போனார். உதவி நிலையத்து மேற்பார்வையாளர். எந்நேரமும் பாக்கெட்டுல அளவு டேப்பு. நாலு வருஷம் முன்ன வாசல்ல சறுக்குப் பாதை கட்டித் தர்றேன்னு வந்து படியை அளந்தார். அதுக்கப்புறம் ரெண்டு தடவ வந்து, படி வளர்ந்திருக்கான்னு பாக்குறாப்ல, திரும்ப அளந்தார். பாதை வரல. படியும் வளரல.

இன்னைக்கு அளந்தது வேற. நோய் பரவுதாம், ஆளுக்கு ஆளு ரெண்டு மீட்டர் தள்ளி இருக்கணுமாம். என் கட்டில்லேர்ந்து டேப்பை இழுத்தார். ரூமே அவ்வளவு இல்ல. சொவத்துல முட்டுச்சு. இந்தப் பக்கம் இழுத்தார், அடுப்பு. கடைசியா வாசப் பக்கமா இழுத்தார், டேப்பு படியைத் தாண்டித் தெருவுக்குப் போயிடுச்சு. அங்க குனிஞ்சு மஞ்சப் பட்டி ஒண்ணு ஒட்டிட்டார். அதாவது நெட்டை தெருவுல நின்னு என் முதுகைக் கழுவணும். அதுக்குக் கை பத்தாது, தும்பிக்கை வேணும்.

நெட்டைக்கே பொறுக்கல, கேட்டுட்டான். கழுவி விடுறப்போ எப்படி சார் ரெண்டு மீட்டர்னு. அளவுகோல் ரொம்ப நேரம் கூரையைப் பாத்து யோசிச்சார். அப்புறம் சொன்னார்:

"கூடுமானவரை."

போறப்போ ஒரு போஸ்டர் ஒட்டிட்டுப் போனார். அவரு நின்ன ஒசரத்துக்கு ஒட்டிட்டார். படுத்துக் கெடக்குற எனக்குத் தெரியிறது அதோட அடி விளிம்பு மட்டும்தான். 'பாதுகாப்பாக இருப்போம்'னு இருக்கு. மேல என்ன எழுதியிருக்குன்னு அக்காவைக் கேட்டேன். கண்ணாடி இல்லாமத் தெரியாதுன்னுட்டா. கண்ணாடி எங்கன்னேன். கண்ணாடி இருந்தாத்தானே தேட முடியும்னா.

மார்ச் 25

நெட்டை வரல.

மார்ச் 26

இன்னைக்கும் வரல. ஊரையே பூட்டிட்டாங்க. தெருவுல நாய் மட்டும்தான் நடக்குது, அதுவும் என்ன தப்பு பண்ணுனோம்னு தெரியாத மூஞ்சியோட.

பத்து மணிக்குப் போன். உதவி நிலையத்துலேர்ந்து ஒரு பொண்ணு. சின்னக் குரலு, இருபது இருபத்திரெண்டு இருக்கும். உங்க பாதுகாப்புக்காக வீட்டுக்கு ஆள் அனுப்புறதை நிறுத்தியிருக்கோம் சார், இனிமே தினமும் நான் போன்ல உதவி பண்ணுவேன்னுச்சு. போன்லயே எப்படிம்மா என்னைப் புரட்டுவேன்னு கேக்கலாம்னு வந்துச்சு. பச்சப்புள்ளைகிட்ட என்னத்தைக் கேக்குறது.

எப்படி இருக்கீங்க சார்னு கேட்டுச்சு. நல்லா இருக்கேம்மா, நீ எப்படி இருக்கே, சாப்ட்டியான்னேன். நல்லா இருக்கேன் சார்னுச்சு. அப்புறம் எருமை ஏத்துன கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. வச்சதுக்கப்புறம் அக்கா கேக்குறா, உதவி நீ அதுக்குப் பண்ணுனியா, அது உனக்குப் பண்ணுச்சான்னு.

மார்ச் 29

என்னைப் புரட்டுற வித்தையை நானும் அக்காவும் கண்டுபிடிச்சுட்டோம். அக்காவுக்கு அறுபது வயசு, இடுப்புல பிடிப்பு, என்னைத் தூக்க முடியாது. ஆனா இழுக்கலாம்ல? எனக்கு அடியில கெட்டிப் போர்வை ஒண்ணு. ஜன்னல் கம்பியில லாரிக் கயிறு, நான் அதைப் பிடிச்சுக்குவேன். அக்கா அந்தப் பக்கம் நின்னு ஒரு காலைக் கட்டில் சட்டத்துல ஊனிக்கிட்டுப் போர்வையை இழுக்கணும். நான் பாரத்துக்குக் குரல் கொடுக்குற மாதிரியே கொடுத்தேன், மெல்ல, மெல்ல, இப்போ ஒரு இழு, நிறுத்துன்னு. மொதத் தடவ அக்காவே பின்னால போயி உக்காந்துட்டா.

நீ மூட்டைக்குக் குரல் கொடுத்தே சரி, மூட்டை எங்கேயாவது குரல் கொடுக்குமாடான்னா.

ஒரு நாளைக்கு ரெண்டு தடவ. அதுக்கு மேல அவ இடுப்பு ஒத்துக்கல. நெட்டை இருந்தப்போ பகல்ல நாற்காலி, அதுலயும் மணிக்கொரு தடவ கையை ஊனி எழும்பிக்குவேன். இப்போ முழுக்கக் கட்டில்தான். பக்கத்து வீட்டுக்காரரை ஒரு கை பிடிக்கக் கூப்பிட்டா. உங்க வீட்டுக்கு நிலையத்து ஆளுங்க வந்து போவாங்க, எனக்குப் புள்ளகுட்டி இருக்குன்னு ஜன்னலைச் சாத்திட்டார். நிலையத்து ஆள் வரலன்னுதானே அவரைக் கூப்பிட்டோம். இதை ஜன்னலுக்கு யாரு போயிச் சொல்றது.

ஏப்ரல் 4

பாதுகாப்புப் பெட்டி வந்திருக்கு. வாசல்ல வச்சுட்டு மணி அடிச்சுட்டு ஓடிட்டாங்க, திருட்டுப் பய மாதிரி. உள்ள மாஸ்க் பத்து, கை கழுவுற மருந்து ஒண்ணு, படம் போட்ட தாளு ஒண்ணு. வீட்டுக்குள்ளயே இருக்கும்போது உடம்பைத் தளர விடாதீங்க, தினமும் அரை மணி நேரம் மொட்டை மாடியில நடங்கன்னு போட்டிருக்கு. ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை, சிரிச்சுக்கிட்டே நடக்குறாங்க.

அக்கா அந்தத் தாளை மடிச்சுக் கட்டில் காலுக்கு அடியில கொடுத்தா. கிரீச் சத்தம் நின்னுடுச்சு. பெட்டியில உருப்படியா இருந்தது அது ஒண்ணுதான்.

ஏப்ரல் 9

உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக் சுத்திக்கிட்டு ஒருத்தர் வந்தார். துப்பாக்கி மாதிரி ஒண்ணு, அதைக் காட்டுனாக் காய்ச்சல் தெரியுமாம். மஞ்சப் பட்டியைத் தாண்ட மாட்டேன்னு தெருவுலயே நின்னுட்டார். அங்கேர்ந்து உள்ள குறி வச்சார். ஏதோ எழுதிக்கிட்டார். அக்கா எட்டிப் பாத்துட்டு வந்து சொல்றா, அது வாசக் கதவோட சூடுடான்னு.

கதவுக்குக் காய்ச்சல் இல்ல.

ஏப்ரல் 14

அக்கா துடைக்கிறப்போ கை நின்னுடுச்சு. பேச்சும் நின்னுடுச்சு. அவ பேச்சு நின்னாலே ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

கீழ, நடுவுல, ஒரு எடம் செவந்திருக்காம். அமுக்குனா வெளுக்கல, அப்படியே செவப்பாவே இருக்காம். எனக்குத் தெரியும் அது என்னன்னு.

பத்து மணிக்குப் போன் வந்துச்சு. அக்கா எதிர்லயே நின்னு சொல்லுடா சொல்லுடான்னு கையை ஆட்டுறா. என்னத்தைச் சொல்றது? மக வயசு பொண்ணுகிட்ட எனக்குப் பின்பக்கம் செவந்திருக்கும்மான்னா? அதோட மனுசன் எப்படி இருக்கேன்னு கேட்டா நல்லா இருக்கேன்னுதானே சொல்லுவான். எங்கப்பா சாகக் கெடந்தப்போ கூட, பாக்க வந்தவங்ககிட்ட நல்லா இருக்கேன், நீங்க சாப்ட்டுப் போங்கன்னார். நல்லா இருக்கேம்மான்னேன்.

வச்சதும் அக்கா ஒண்ணும் பேசல. உருளியை உருட்டுனா. அது பேசுச்சு.

ஏப்ரல் 19

தோலு உரிஞ்சுடுச்சு.

ஏப்ரல் 21

உதவி நிலையத்துலேர்ந்து போன்ல ஒரு சேதி. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன், நாலாங்கிளாஸ் படிப்புதானே, தப்பாப் படிச்சிருப்பேனோன்னு. இல்ல. சரியாத்தான் படிச்சிருக்கேன். 'வீட்டுப் பணியாளர் இல்லாமலேயே தாங்கள் தொடர்ந்து நலமாக இருப்பது மகிழ்ச்சி அளிக்கிறது. எனவே தங்கள் பணியாளர் வேறு பணிக்கு மாற்றப்படுகிறார்.'

அதாவது ஊரைத் திறந்தாலும் நெட்டை வர மாட்டான். நான் நல்லா இருக்கேன்ல.

போனைப் போட்டேன். அந்தப் பொண்ணுதான் எடுத்துச்சு. அப்போதான் விசயம் வெளங்குச்சு. அது கையில ஒரு தாளு இருக்காம். எப்படி இருக்கீங்கன்னு கேட்டு, பதிலுக்குத் தக்கபடி ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடணுமாம். நல்லா இருக்கேன்னா அஞ்சு. தினமும் எனக்கு அஞ்சுக்கு அஞ்சு. பள்ளிக்கூடத்துல ஒரு தடவ கூட வாங்காத மார்க்கு. எருமைக் கதை சொன்ன அன்னைக்கு, 'மிக உற்சாகம்'னு ஓரத்துல வேற எழுதியிருக்காம்.

சரி, மாத்திப் போடும்மான்னேன். ஒரு தடவ மூடுன ஃபைலைத் திறக்கணும்னா யாராவது நேர்ல வந்து பாக்கணும் சார்னுச்சு. வரச் சொல்லேன்னேன். நேர்ல வர்றதைத்தான் உங்க பாதுகாப்புக்காக நிறுத்தியிருக்கோமே சார்னுச்சு. என்ன விசயம் சார், ஏதாவது கஷ்டமான்னு கேட்டுச்சு. அப்போவாவது சொல்லியிருக்கலாம். அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, சும்மா நெட்டையைப் பாத்து நாளாச்சுன்னு கேட்டேன்னேன்.

நாக்கா இது. எதுக்கு வச்சிருக்கேன் இதை.

அழுத புள்ளைக்குத்தான் பாலுன்னு சும்மாவா சொன்னாங்க. சிரிச்ச புள்ளைக்குச் சீட்டைக் கிழிச்சுட்டாங்க.

ஏப்ரல் 23

ரேடியோ போன் போட்டான். அவன் கதையும் இதேதான். அவன் நல்லா இருக்கேன்னு கூடச் சொல்லல, சூப்பரா இருக்கேன்னு சொல்லியிருக்கான், அஞ்சுக்கு மேல மார்க் இருந்தா அதையும் வாங்கியிருப்பான். ஆள் வர்றது நின்னதும் அவன் பொண்டாட்டியால ஒத்தையாச் சமாளிக்க முடியல. பாதுகாப்பு மையத்துக்கு வந்துடுங்க, உங்களை மாதிரி ஆளுங்களுக்காகவே ஒரு பள்ளிக்கூடத்துல திறந்திருக்கோம்னு நிலையத்துல சொல்லியிருக்காங்க. போயிட்டான்.

நாப்பது கட்டிலாம். அளவுகோலே வந்து அளந்து போட்டாராம், கட்டிலுக்குக் கட்டில் சரியா ரெண்டு மீட்டர், ஒரு விரக்கடை கூடக் கொறையாதாம். ஆனா நாப்பது பேருக்கும் பாக்குறவங்க மூணே பேர். அதே கையி, அதே கிளவுசு, ஒண்ணாம் கட்டில்லேர்ந்து நாப்பதாம் கட்டில் வரைக்கும். நோயி நடந்து வந்தாத்தானே ரெண்டு மீட்டரு, இங்க அது சவாரி பண்ணிக்கிட்டுல வருதுன்னான்.

சிரிச்சான். நடுநடுவுல இருமுனான்.

நீ வராதேடான்னான்.

ஏப்ரல் 28

புண்ணுல வாடை வருதுன்னு அக்கா ஊதுவத்தி ஏத்தி வச்சிருக்கா. எனக்குத் தெரியக்கூடாதுன்னு, கொசுவுக்குங்கிறா. அவ இடுப்புலயும் இப்போ துணியைச் சுத்திக் கட்டிக்கிட்டுத்தான் நடக்குறா. என்னைப் புரட்டுனதுல வந்தது. அவளும் யாராவது கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா. ஒரே ரத்தம்.

மே 1

ரேடியோ போயிட்டான்.

மே 2

நேத்து அதுக்கு மேல எழுத முடியல.

அவன் பொண்டாட்டிதான் போன் பண்ணுனா. மூஞ்சியைக் கூடக் காட்டலியாம். ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு ஒரு மூட்டையைப் பாத்தேண்ணேன்னா. நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல. அவ என்னைக் கேட்டா, நீங்க எப்படிண்ணே இருக்கீங்கன்னு.  போனை அக்காகிட்ட கொடுத்துட்டேன்.

சாயங்காலம் குளிரு. அக்கா நெத்தியில கை வச்சுப் பாத்தா. காய்ச்சல்.

மே 3

இப்போ வசமா மாட்டுனேன். நல்லா இருக்கேன்னா ஆள் வராது. காய்ச்சல்னா வண்டி வரும், தூக்கிட்டுப் போயி அந்த மையத்துல போடும். அந்தத் தாளுல இது ரெண்டுதான் இருக்கு. குதிரை கீழ தள்ளுனது பத்தாதுன்னு குழியும் பறிச்சுச்சாம்.

இது புண்ணுக் காய்ச்சல். அந்த நோய்க் காய்ச்சல் இல்ல. அதைச் சொல்லணும்னா புண்ணைச் சொல்லணும். புண்ணைச் சொல்லணும்னா எங்கன்னு சொல்லணும்.

அட வெக்கங்கெட்டவனே. வெக்கப்பட்டே சாவியா?

மே 4

பத்து மணிக்குப் போன்.

எப்படி இருக்கீங்க சார்னுச்சு. வாயி தன்னால 'நல்'லு வரைக்கும் போயிடுச்சு. பல்லைக் கடிச்சு நிறுத்துனேன்.

"நல்லா இல்லம்மா."

  மெல்ல, சார்னுச்சு. கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னேன், லாரி மேலேர்ந்து குதிக்கிற மாதிரி. இத்தனை நாளு பொய் சொன்னேன், எனக்குப் பின்பக்கம் புண்ணாயிடுச்சு, உக்கார்ற எடத்துல, மூணு வாரமாச்சு, நாத்தம் வருது, அதுலதான் காய்ச்சல்னு. எவ்வளவு பெருசு சார்னுச்சு. அது எனக்கு எப்படிம்மா தெரியும், நான் பாக்க முடியாத எடத்துல இருக்கு, அக்காவைக் கேளுன்னேன்.

அக்கா போனைப் பிடுங்கிட்டா. ரெண்டு விரலு உள்ள போகும்னா. என் தாளுல அதுக்கு எடம் இல்லக்கா, காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் மட்டும்தான் இருக்குன்னு அது அழுகிற மாதிரி சொல்லுது.

"மூச்சு நின்னுட்டா அதுக்கு எடம் இருக்காம்மா?"

அக்கா சத்தம் போட்டுக் கேக்கல. உப்பு இருக்கான்னு கேக்குற மாதிரிதான் கேட்டா.

அந்தப் பொண்ணு, அக்கா போட்டோ எடுக்கத் தெரியுமான்னு கேட்டுச்சு. நான் மேற்பார்வையாளர் சார் நம்பர் தர்றேன், நேரா அவருக்கே அனுப்புங்க, நான் தந்தேன்னு சொல்லாதீங்கன்னுச்சு.

மொதப் போட்டோ அக்கா கட்டைவெரலு. ரெண்டாவது சொவரு. மூணாவது நல்லா விழுந்துச்சு. சந்தோசத்துல வெரலை எடுக்க மறந்துட்டா, அது பாட்டுக்கு எடுத்துக்கிட்டே போச்சு. மொத்தம் பதினோரு போட்டோ, எல்லாத்தையும் அனுப்பி முடிக்கிறப்போ மத்தியானம் ஆயிடுச்சு. அளவுகோல் மத்தியானச் சாப்பாட்டுல உக்காந்திருந்தாராம். பத்தே நிமிசத்துல போன் வந்துச்சு. நாலு வருசத்துல அந்த மனுசன் எதையும் இவ்வளவு சீக்கிரமாப் பாத்ததில்ல. டேப்பே தேவைப்படல.

மே 5

காய்ச்சல் இருக்குறதால மையத்துக்கு வந்துடுறதுதான் பாதுகாப்புன்னார் அளவுகோல். ரேடியோ எங்க சார்னு கேட்டேன்.  மூக்குல குச்சி விட்டுப் பாருங்க, நோயி இருந்தா வர்றேன், இல்லைன்னா நெட்டையை அனுப்புங்கன்னேன்.

அப்போ சொல்றார், 'ஒரே வீடு'ன்னு ஒரு திட்டம் மொதல்லேர்ந்தே இருக்காம். ஒரு பணியாளர் மூணு வாரம் ஒரே வீட்டுலயே தங்கிப் பாப்பாராம், வெளிய போக மாட்டாராம், அதனால நோயும் உள்ள வராதாம். நல்ல திட்டம். எனக்கு ஏன் சொல்லலன்னேன். ரெண்டு மார்க்குக்குக் கீழ வாங்குனவங்களுக்கு மட்டும்தான் அதைச் சொல்லணுமாம்.

ஃபெயிலானவனுக்குத்தான் பரிசுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா ரேடியோவும் நானும் போட்டி போட்டு ஃபெயிலாகியிருப்போம்.

மே 8

மூக்குல நோயி இல்லையாம். அக்கா சேதியைக் கேட்டுட்டு உள்ள போயி ரொம்ப நேரம் மூஞ்சி கழுவுனா.

மே 10

வாசக்கால்ல டொம்முனு சத்தம். படுத்தபடியே தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒரு பையோட வந்திருக்கான். வீட்டுல பொண்டாட்டியும் ஒரு வயசுக் கொழந்தையும், மூணு வாரம் பாக்க முடியாது. என்னைப் புரட்டிப் பாத்தான். சுத்தமா இருக்கு, இல்லன்னு ஒண்ணும் சொல்லல. கிளவுசைக் கழட்டி, கண்ணைத் துடைச்சு, புதுசா ஒண்ணு மாட்டிக்கிட்டான். அப்புறம்தான் வாயைத் திறந்தான். இவ்வளவு வருசத்துல என்கிட்ட குரலை ஒசத்துனதே இல்ல.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே. நான் ஆறு வாரமா நிலையத்துல மாஸ்க் பெட்டி எண்ணிக்கிட்டு இருந்தேன்."

உன் நம்பரு நிலையத்துப் போனுடா, அதைத்தான் பிடுங்கிட்டாங்களேன்னேன். அவன் கேக்கல. திட்டிக்கிட்டே கழுவுனான். நான் வாங்கிக்கிட்டே கெடந்தேன்.

மே 16

நர்ஸம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர்றாங்க. செத்த சதையை வெட்டி எடுத்தாங்க. எலும்புக்கு ஒரு மயிரிழை மேல நின்னுடுச்சாம். ரெண்டு மாசம் உக்காரவே கூடாது, சாய்ஞ்சுதான் கெடக்கணும். போன் பொண்ணு வேற கூப்பிடுது. இப்பல்லாம் அது எப்படி இருக்கீங்கன்னு கேக்குறதில்ல. புண்ணு எத்தனை விரலு, வாடை இருக்கா, எத்தனை தடவ புரட்டுனாங்கன்னு கேக்குது. தாளுல அதுக்கு எடம் வந்துடுச்சான்னேன். நானே பேனாவுல கோடு போட்டுக்கிட்டேன் சார்னுச்சு.

மே 24

நெட்டையும் அக்காவும் ஒரே வீட்டுல இருக்குறது ஒரு கூத்து. அவன் உப்பு கம்மிங்கிறான். இவ கொறட்டை சாஸ்திங்கிறா. ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் என்கிட்ட புகார் வைக்கிறாங்க. எழுந்து போக முடியாதவன்கிட்ட புகார் சொல்றது ரொம்ப வசதி.

ஜூன் 8

ரேடியோ பொண்டாட்டி ஒரு ஆட்டோவுல சாமான் ஏத்தி அனுப்பியிருக்கா. காத்து மெத்தை. கரண்டுல ஓடுற சின்ன மோட்டரு, அது ஒரு வரிசைக்குக் காத்தடிச்சு இன்னொரு வரிசையில விடும், ஒரே எடத்துல அழுந்தாது. எனக்கு இந்த மாதிரி ஒண்ணு வேணும்னு மூணு வருசமா எழுதிப் போட்டும் வரல. அவனுக்கு வந்திருக்கு. மையத்துக்குப் போறப்போ வீட்டுச் சாமான் எதுவும் கொண்டு வரக்கூடாது, பாதுகாப்பு இல்லன்னு இதை விட்டுட்டுப் போகச் சொல்லிட்டாங்களாம்.

அதுல அவன் பேரை மைப் பேனாவுல பெருசா எழுதி வச்சிருக்கான். ஆஸ்பத்திரியில எவனாவது அடிச்சுட்டுப் போயிடுவான்னு.

மூணு வாரம் முடிஞ்சு, ஊரும் திறந்து, இப்போ பழையபடி காலையும் சாயங்காலமும் வர்ற நெட்டை, நாலு தடவ கழுவி, ரெண்டு நாள் வெயில்ல காயப் போடணும்னான்.

ஜூன் 10

ஏறிப் படுத்தாச்சு.  

ஜூன் 17

அளவுகோல் வந்தார், மஞ்சப் பட்டிக்கு அந்தப் பக்கமே நின்னார். மெத்தை நிலையத்துச் சொத்தாம். இறந்தவர் பேருல இருக்குறதை இன்னொருத்தர் பயன்படுத்த விதியில இடம் இல்லையாம். அதோட இறந்தவர் சாமான், பாதுகாப்புக்காகத் திரும்ப எடுத்து அழிச்சுடணுமாம். நான் புதுசா விண்ணப்பம் போட்டா முறைப்படி பரிசீலிப்பாங்களாம்.

நெட்டை கை ரெண்டும் மடக்கிக்கிட்டு நின்னான். அக்கா கரண்டியோட வந்துட்டா. நான் ரெண்டு பேரையும் கையைக் காட்டி நிறுத்துனேன்.

தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க சார்னேன். ஆனா நான் மேல படுத்திருக்கேன். நெட்டை என் ஆளு, அவன் தூக்க மாட்டான். நீங்கதான் உள்ள வந்து, ஒரு கையை என் கழுத்துக்கு அடியிலயும் ஒரு கையை என் தொடைக்கு அடியிலயும் கொடுத்துத் தூக்கணும். புண்ணு பாத்துத் தூக்குங்க, நீங்க ஏற்கெனவே பதினோரு போட்டோ பாத்திருக்கீங்க, எடம் தெரியும்.

அவரு பட்டியைப் பாத்தார். என்னைப் பாத்தார். கையைப் பின்னால கட்டிக்கிட்டார்.

ரெண்டு மீட்டர் இருக்கணுமே சார், கூடுமானவரைன்னு நெட்டை எடுத்துக் கொடுத்தான்.

நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டு, 'பொருள் கிடைக்கவில்லை'ன்னு போட்டுக்குறேன்னார். நாலு வருசத்துல அந்த மனுசன் எழுதுன ஒரே நல்ல வரி. சாப்ட்டுப் போங்க சார்னேன். அக்கா என்னை ஒரு பார்வை பாத்தா. பழக்கம் போகல, என்ன பண்ண.

ஜூலை 2

ஒன்றரை விரலு.

ஜூலை 19

நர்ஸம்மா இன்னைக்கு அளந்துட்டு, ஒரு விரலு கூட இல்ல, உள்ள செவப்பா நல்ல சதை வருதுன்னாங்க. இன்னும் ஒரு மாசத்துல கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கலாமாம். அக்கா ரெண்டு தடவ கேட்டு உறுதி பண்ணிக்கிட்டா.

மத்தியானம் ரேடியோ பொண்டாட்டிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.  மெத்தை எப்படிண்ணே இருக்குன்னா. கால் பக்கம் கொஞ்சம் காத்து எறங்குதும்மான்னேன்.

ஆமா, அந்தக் கொழாய் மூட்டுல கசியும், பழைய சட்டைத் துணியைக் கிழிச்சு ரெண்டு சுத்துச் சுத்தி இறுக்கிக் கட்டுங்க, அவரு அப்படித்தான் கட்டுவாருன்னா.

நெட்டையை விடல. துணியை வாங்கி நானே கட்டுனேன்.